மெக்டவல் கவுண்டி, வெஸ்ட் வர்ஜீனியா: பத்திர இன்டெக்ஸில் பெயரே இல்லாத ஊர்க்காரர்களை எங்கே தேடுவது?

கரிக்கோடு கேட்டது:

அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் உள்ள மெக்டவல் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). அதில் டிரை ஃபோர்க் ஓடையோரம் இருக்கும் பார்ட்லி, பக்கத்து ஊரான இங்லிஷ், இந்த இரண்டின் வரலாற்றை 1850 முதல் 1950 வரை ஆவணங்களை மட்டும் வைத்து எழுத வேண்டும். 1921இல் வெல்ச் கோர்ட் ஹவுஸ் படியில், சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்ற போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டைச் சுட்ட கதை வேண்டாம், அதைப் பற்றி எழுதாதவர்களே இல்லை. யார் எங்கே குடியிருந்தார்கள், நிலம் யார் கையில் இருந்தது, சுரங்கம் வந்தபின் என்ன மாறியது, இது போதும்.

முட்டி நிற்கும் இடங்கள்:

1. 1850 சென்சஸில் மெக்டவல் என்று ஒரு கவுண்டியே இல்லை.
2. 1880க்கும் 1900க்கும் நடுவில் ஒன்றும் அகப்படவில்லை.
3. 1887 வாக்கில் ஒரு குடும்பம் நிலத்தை விற்றதாகப் பத்திரம் இருக்கிறது. ஆனால் அதே குடும்பம் 1940 சென்சஸிலும் அதே ஓடையில் சொந்த வீட்டில் இருக்கிறது.
4. 1920 சென்சஸிலிருந்து நாற்பது சுரங்கத் தொழிலாளர் பெயர்களை எடுத்துப் பத்திர இன்டெக்ஸில் தேடியதில் ஒருவர்கூட இல்லை.
5. 1940 ஜனவரி பார்ட்லி வெடிவிபத்தில் இறந்தவர்களை அவரவர் குடும்பத்தோடு எப்படிப் பொருத்துவது?

எந்த வரிசையில் போனால் நேரம் வீணாகாது என்று சொன்னால் உதவி.

தாய்ப்பத்திரம் எழுதியது:

முதல் மூன்றுக்கு நான் சொல்கிறேன். சுரங்கத் தொழிலாளர் விஷயம் தெரிந்தவர்கள் இங்கே வேறு இருக்கிறார்கள்.

கவுண்டி எல்லையிலிருந்து ஆரம்பியுங்கள். மெக்டவல் 1858இல்தான் பிறந்தது, வர்ஜீனியாவின் டாஸ்வெல் கவுண்டியிலிருந்து பிரித்தார்கள். டாஸ்வெல் 1799 சட்டப்படி வைத், ரஸ்ஸல் இரண்டிலிருந்தும் வந்தது. வெஸ்ட் வர்ஜீனியா தனி மாநிலமானது 1863 ஜூன் 20. ஆக, உங்கள் ஓடைக்கரை நிலம் இருந்த இடத்தில் இருந்தபடியே கவுண்டி மாறியது, மாநிலமும் மாறியது. கவுண்டி பிரியும்போது பழைய பதிவேடுகள் பிள்ளையோடு போவதில்லை, தாய்வீட்டிலேயே தங்கிவிடும். 1850 சென்சஸை டாஸ்வெல்லில் பாருங்கள். 1858க்கு முந்தைய கிரயம், உயில், திருமணம் எல்லாம் டாஸ்வெல் கோர்ட் ஹவுஸில். அரசு கொடுத்த முதல் மானியப் பத்திரங்களும் 1863 வரையிலான நிலவரிப் புத்தகங்களும் ரிச்மண்டில் உள்ள லைப்ரரி ஆஃப் வர்ஜீனியாவில்.

அந்த நிலவரிப் புத்தகத்தில் பலர் தாண்டிப் போகும் ஒரு பத்தி உண்டு. 1814 முதல் வர்ஜீனியாவில் ஒவ்வொரு நிலத்துக்கும் அது எந்த ஓடையில் இருக்கிறது, கோர்ட் ஹவுஸிலிருந்து எத்தனை மைல், எந்தத் திசை என்று எழுதினார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிரித்தறிய இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் 1858க்கு முன் அந்தத் தூரம் டாஸ்வெல் ஊரிலிருந்து அளந்தது. பின்னால் மெக்டவலின் சொந்தத் தலைநகரிலிருந்து. அந்தத் தலைநகர் வெல்ச் அல்ல, பெர்ரிவில். நீங்கள் எழுதப் போகிற இங்லிஷ்தான் அது! தலைநகர் வெல்சுக்கு மாறியது 1892இல். இதைக் கவனிக்காவிட்டால் ஒரே நிலம் திடீரென்று பல மைல் நகர்ந்ததுபோலத் தெரியும், இரண்டு நிலம் என்று எழுதிவிடுவீர்கள்.

1890 சென்சஸ் தேடவேண்டாம். 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயிலும் தண்ணீரிலும் பெரும்பகுதி கெட்டது, மிச்சத்தைப் பின்னால் அரசே அழித்துவிட்டது. மெக்டவலுக்கு இது சாதாரண இழப்பு இல்லை. 1880இல் 3,074 பேர், 1890இல் 7,300, 1900இல் 18,747. ரயிலும் கரியும் வந்து ஊர் தலைகீழான அந்தப் பத்தாண்டுக்குத்தான் ஆள்பெயர்ப் பட்டியல் இல்லை.

அந்த ஓட்டையை அடைப்பது வரிப்புத்தகங்கள். வருஷாவருஷம் இரண்டு தொகுதி, ஒன்று நிலத்துக்கு, மற்றது அசையும் சொத்துக்கு. இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம், நிலமில்லாத ஆண்களும் தலைவரிக்காக அதில் வருவார்கள். 1881 முதல் 1899 வரை ஒரே மாவட்டத்தை வருஷ வரிசையில் படியுங்கள். ஒரு பையன் பெயர் முதன்முதலாக எந்த வருஷம் ஏறுகிறதோ அப்போது அவனுக்கு 21 ஆகியிருக்கும் என்று உத்தேசமாகக் கொள்ளலாம். பெயர் விழுந்துபோனால் இறந்திருக்கலாம், ஊரைவிட்டுப் போயிருக்கலாம், எழுத்தர் விட்டுவிட்டும் இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு வருஷம் இல்லாமல் போனால்தான் நம்புங்கள்.

மெக்டவலில் வரிப்புத்தகம் ஊர்வாரியாக இருக்காது, கவுண்டியின் உட்பிரிவான மாஜிஸ்டீரியல் மாவட்டவாரியாக இருக்கும்: ஆட்கின், பிக் கிரீக், பிரவுன்ஸ் கிரீக், எல்க்ஹார்ன், நார்த் ஃபோர்க், சாண்டி ரிவர். சென்சஸும் இதே பிரிவில்தான். உங்கள் ஓடை எந்தப் பிரிவு என்று குறித்துக்கொண்டு ஆரம்பித்தால் பாதி வேலை குறையும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் அந்தப் பத்திரத்துக்குள்ளேயே இருக்கும். முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் "விற்கிறோம்" என்பதற்குப் பிறகு என்ன வருகிறது என்று பாருங்கள். 1880களில் இங்கே பெரும்பாலும் விற்றது நிலத்தை அல்ல, நிலத்துக்கு அடியில் இருந்ததை: கரி, மற்ற கனிமங்கள், சிலசமயம் குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேற்பட்ட மரங்கள், கூடவே பாதை போடவும் தோண்டவும் உரிமை. மேல்மண் பழைய குடும்பத்திடமே தங்கியது. அதற்கப்புறம் நிலவரிப் புத்தகத்தில் ஒரே நிலம் இரண்டு வரியாக உடையும். ஒன்றில் மேல்மண், இன்னொன்றில் கனிமம், பெயர்கள் வேறு வேறு. முழு உரிமையும் ஒருவரிடமே இருந்தால் "ஃபீ" என்று இருக்கும். எந்த வருஷம் வரி உடைகிறது என்று பார்த்தால் கனிமம் எப்போது கைமாறியது என்பது தெரிந்துவிடும், பத்திரம் கிடைக்காவிட்டாலும்.

வாங்கிய பக்கத்தைத் தனி ஆளின் பெயரில் தேடினால் சங்கிலி அறுந்துபோகும், ஏனென்றால் வாங்கியவர் பெரும்பாலும் ஏஜென்ட். அவரிடமிருந்து நில நிறுவனத்துக்குப் போகும். கவுண்டியின் கிழக்குப் பகுதியில் ஃப்ளாட் டாப் கோல் லேண்ட் அசோசியேஷன் பெரிய பெயர். 1901இல் அந்தச் சொத்துகளை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே வாங்கி, போகஹான்டஸ் கோல் அண்ட் கோக் கம்பெனி பெயரில் வைத்துக்கொண்டது. பின்னாளில் அது போகஹான்டஸ் லேண்ட் கார்ப்பரேஷன். நிலம் வைத்திருந்த கம்பெனி ஒன்று, குத்தகைக்கு எடுத்துக் கரி வெட்டிய கம்பெனி இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதிய கட்டுரைகள் நிறைய உலவுகின்றன.

வில்லங்கம் எழுதியது:

தாய்ப்பத்திரம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பின்னோக்கிப் போகும்போது சங்கிலி சட்டென்று அறுந்து, விற்றவர் இடத்தில் "பள்ளி நிலங்களின் கமிஷனர்" என்று ஓர் அதிகாரி நின்றால் பயப்படாதீர்கள். 1790களில் வர்ஜீனியா இந்த மலைகளை லட்சக்கணக்கான ஏக்கர் துண்டுகளாக வெளியூர்ப் பணக்காரர்களுக்கு மானியம் கொடுத்தது. அவர்கள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1872 மாநில அரசியல் சட்டம், 1,000 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலம் ஐந்து வருஷம் தொடர்ந்து வரிப்புத்தகத்தில் ஏறாவிட்டால் மாநிலத்துக்குப் பறிபோகும் என்றது. 1795இல் ராபர்ட் மோரிஸுக்குக் கொடுத்த 5,00,000 ஏக்கர் மானியத்தை வைத்து வழக்காடி, 1898இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள் (கிங் எதிர் மல்லின்ஸ்).

பறிமுதலான நிலத்தைக் கமிஷனர் சர்க்யூட் கோர்ட்டில் வழக்குப் போட்டு விற்பார். ஆகையால் காகிதம் பத்திரப் புத்தகத்தில் இருக்காது, சான்சரி (சொத்துரிமை போன்ற வழக்குகளுக்கான நீதிமுறை) வழக்குக் கட்டில் இருக்கும். வரலாறு எழுதுகிறவருக்கு அந்தக் கட்டுதான் புதையல்: அக்கம்பக்கத்தார் சாட்சியம், யார் எந்த வருஷம் எங்கே மரம் வெட்டி நிலம் திருத்தினார்கள், வரைபடம், எல்லாம் ஒரே உறையில். கவுண்டி கிளார்க் அலுவலகமும் சர்க்யூட் கிளார்க் அலுவலகமும் வேறு வேறு. முதலாமவரிடம் பத்திரம், உயில், திருமணம். இரண்டாமவரிடம் வழக்கும் குடியுரிமைக் காகிதமும். ஒரு ஜன்னலில் "இல்லை" என்றால் அடுத்த ஜன்னலில் கேளுங்கள்.

இன்டெக்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை. எழுதிக் கொடுத்தவர் இன்டெக்ஸ், எழுதி வாங்கியவர் இன்டெக்ஸ் இரண்டையும் பாருங்கள். வாரிசுகள் ஏழு பேர் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால் முதல் பெயர் மட்டும்தான் ஏறியிருக்கும், மற்ற ஆறு பேர் "மற்றும் பலர்" என்பதற்குள் மறைந்துவிடுவார்கள். எழுதிய தேதியும் பதிந்த தேதியும் ஒன்றல்ல. இருபது வருஷம் அலமாரியில் கிடந்து, கம்பெனி ஆள் வந்து கேட்டபிறகு பதியப்பட்ட பத்திரங்கள் உண்டு. 1870இல் எழுதியதை 1888 புத்தகத்தில் தேட வேண்டியிருக்கும்.

சில அலுவலகங்களில் ரஸ்ஸல் இன்டெக்ஸ் என்ற முறை இருக்கும், அகர வரிசை எதிர்பார்த்துப் போகிறவர் திகைத்து நிற்பார். குடும்பப் பெயரின் முதல் எழுத்தை விட்டுவிட்டு, மீதியில் எல், எம், என், ஆர், டி (L, M, N, R, T) ஆகிய ஐந்தில் எது முதலில் வருகிறது என்று பாருங்கள். ஹாட்ஃபீல்ட் என்றால் ஹெச் தொகுதியில் டி பக்கம். முல்லின்ஸ் என்றால் எம் தொகுதியில் எல் பக்கம். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கையெழுத்துப் பத்திரங்களைக் கணினியே வாசித்துத் தேடும் முழுவாசகத் தேடல் வந்திருக்கிறது. இன்டெக்ஸில் ஏறாத சாட்சிகள், பக்கத்து நிலக்காரர்கள் பெயர் அதில்தான் அகப்படும். ஆனால் ஓடையின் பெயரையும் ஆளின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் நாடு முழுவதும் உள்ள அதே பெயர்க்காரர்கள் வந்து குவிவார்கள்.

கரிக்கோடு:

இருவருக்கும் நன்றி. 1887 பத்திரத்தைத் திரும்பப் படித்தேன், கனிமம் மட்டும்தான் விற்றிருக்கிறார்கள். ஆனால் சக்குபந்தி என்று பார்த்தால் நான்கு பக்க எல்லை இல்லை. "ஒரு செஸ்ட்நட் மரத்தில் தொடங்கி, வடக்கு 40 பாகை கிழக்கு 62 போல் சென்று இரண்டு வெள்ளை ஓக்கில்" என்று போகிறது. இதை மேப்பில் எப்படி வைப்பது?

வில்லங்கம்:

ஒரு போல் 16.5 அடி. நான்கு போல் ஒரு செயின், 66 அடி. 320 போல் ஒரு மைல். 160 சதுர போல் ஓர் ஏக்கர். உங்கள் முதல் வரி 62 போல், அதாவது 1,023 அடி.

"வடக்கு 40 பாகை கிழக்கு" என்றால் முகத்தை வடக்கே வைத்துக் கிழக்குப் பக்கம் 40 பாகை திரும்புவது. "தெற்கு 40 கிழக்கு" என்றால் முகம் தெற்கே. இதைக் குழப்பினால் வடிவம் மூடவே மூடாது.

டிரேசிங் தாளில் 1:4,800 அளவில் வரையுங்கள், ஒரு அங்குலத்துக்கு 400 அடி. இந்த அளவில் ஒரு போல் ஏறக்குறைய 1.05 மில்லிமீட்டர் வரும், ஆக 62 போலுக்கு 65 மி.மீ. கோடு. கோணமானி வைத்து எல்லா வரிகளையும் போட்டபின் கடைசிக் கோடு தொடங்கிய புள்ளிக்கு வந்து சேர வேண்டும். சில போல் தள்ளி நின்றால் சகஜம், மலைச்சரிவில் சங்கிலி இழுத்து அளந்தது. நூறு போல் தள்ளினால் எழுத்தர் ஒரு வரியை விட்டுவிட்டார், அல்லது கிழக்கு மேற்கை மாற்றி எழுதிவிட்டார். தாய்ப்பத்திரத்திலும் பக்கத்து நிலக்காரர் பத்திரத்திலும் அதே வரி இருக்கும், ஒப்பிட்டால் பிழை தெரியும்.

வடிவம் கிடைத்ததும் அதைத் தூக்கி நேராக மேப்பில் ஒட்டக்கூடாது. அது காந்த வடக்கு, அதுவும் அன்றைக்கு இருந்த வடக்கு. முதல் அளவை 1850இல் எடுத்ததைப் பின்னால் வந்தவர்கள் வரிக்கு வரி காப்பியடித்திருப்பார்கள், ஆகவே திருத்த வேண்டியது 1887க்கு இல்லை, முதல் அளவை நடந்த வருஷத்துக்கு. நோவா என்ற அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனத்தின் பழங்காலக் காந்த விலகல் (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) கணிப்பானில் அந்த வருஷத்தைக் கொடுத்து எடுத்து, வடிவம் முழுவதையும் அத்தனை பாகை சுழற்றுங்கள். பிறகு "ஓடையைக் கடந்து", "மலைமுகட்டு வழியே" என்று வரும் வரிகளை வைத்துப் பொருத்துங்கள். மரத்தை நம்பவேண்டாம். அமெரிக்க செஸ்ட்நட் மரங்கள் பூஞ்சை நோயில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டன.

கல்லும்கரியும் எழுதியது:

நாலாவது கேள்விக்கு வர்றேன், உண்மையில் ஊர் வரலாறே அதுலதான் இருக்கு. பத்திரத்துல தேடினா கிடைக்கமாட்டாங்க, ஏன்னா அவங்ககிட்ட நிலமே கிடையாது. வீடு கம்பெனி வீடு, கடை கம்பெனி கடை. வேலை போனா வீடும் போச்சு. 1950இல் 98,887 பேர் இருந்த கவுண்டி இது (2020இல் 19,111). பத்திரத்தை மட்டும் பிடிச்சு எழுதினா பழைய மலைக் குடும்பங்களும் நில நிறுவனங்களும்தான் வருவாங்க, கரி வெட்டினவங்க வரமாட்டாங்க.

கேம்ப் (கம்பெனி கட்டின குடியிருப்பு) எது, சொந்த நிலக்காரர் யார்னு சென்சஸ் பக்கமே காட்டிக் கொடுக்கும். 1930, 1940 இரண்டுலயும் சொந்த வீடா வாடகையா, மாச வாடகை எவ்வளவுன்னு பத்தி இருக்கு. வரிசையா ஒரே சின்ன வாடகைத் தொகை வந்தா அது கம்பெனி வீட்டு வரிசை. தொகை ஒரு படி ஏறினா ஃபோர்மன் வீடுங்க. திடீர்னு "சொந்தம்", தொழில் விவசாயம்னு வந்தா கணக்கெடுப்பாளர் கேம்ப்பை விட்டு ஹாலோவுக்குள்ள (மலைகளுக்கு நடுவுல இருக்கற குறுகின பள்ளத்தாக்கு) நடந்து போயிட்டார்னு அர்த்தம். இப்படியே நடந்த வழியைப் பென்சில்ல குறிச்சா பாதி ஊர் வரைபடம் வந்துடும்.

அடுத்து முதல் உலகப்போர் ராணுவச் சேர்க்கைப் பதிவு அட்டை. மூணு தடவை பதிஞ்சாங்க: 1917 ஜூன் 5, 1918 ஜூன் 5, 1918 செப்டம்பர் 12. மூணாவதுல 18 முதல் 45 வயசு வரை, அதுக்கு முன்னால பதியாத எல்லா ஆணும் உண்டு, முதலாளி யார், எங்கே வேலை, நெருங்கிய உறவினர் யார்னு இருக்கும். ஹங்கேரி, இத்தாலி, போலந்துலேர்ந்து வந்தவர்களுக்கு முதல் பதிவுதான் உசத்தி, பிறந்த ஊர் கேட்டிருக்காங்க. மூணாவதுல அது கிடையாது. முதல் இரண்டு அட்டையிலயும் கீழ் மூலையில ஒரு வாசகம்: ஆப்பிரிக்க வம்சாவளின்னா இந்த மூலையைக் கிழிக்கவும். ஸ்கேன்ல மூலை இல்லாத அட்டை வந்தா பழுதுன்னு நினைக்காதீங்க.

குடியுரிமைக் காகிதம் 1906 செப்டம்பருக்குப் பிறகுன்னா கப்பல் பெயர், வந்த தேதி, பிறந்த ஊர் எல்லாம் இருக்கும். அதுக்கு முந்தினது ஒரு வரிதான். எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கோங்க.

கறுப்பினத் தொழிலாளர்களுக்கு கீஸ்டோன்ல 1904இல் தொடங்கின மெக்டவல் டைம்ஸ் பத்திரிகையைத் தவறவிடாதீங்க. சில வருஷ இதழ்கள் காங்கிரஸ் நூலகத்தின் பழம்பத்திரிகைத் தளத்துல இலவசம். கேம்ப்வாரியா ஊர்ச்செய்தி வரும்: யார் வீட்டுக்கு யார் வந்தாங்க, எந்தச் சபையில யார் பேசினாங்க. தேடும்போது ஆள் பெயரைப் போடாம கேம்ப் பெயரைப் போடுங்க. அச்சு மங்கி இருக்கறதால கணினி ஆள் பெயரைத் தப்பா வாசிக்குது. தலைப்பா அச்சான ஊர்ப் பெயர் பெரிய எழுத்து, பிழை குறைவு.

ஊர்ப் பெயர் இன்னொரு வில்லங்கம். கேரின்னு ஒரு ஆவணத்துல இருந்தா அது இன்றைய நகரம்னு நினைக்காதீங்க. யு.எஸ். ஸ்டீலோட கிளைக் கம்பெனி எண் போட்டு வரிசையா சுரங்கம் திறந்தது, வில்கோ, ரீம், தோர்ப், எல்பர்ட், ஃபில்பர்ட்னு சுத்தி எல்லாமே கேரிதான். நகரமா ஒண்ணு சேர்ந்தது 1971இல். பார்ட்லி பக்கத்துலயும் தபால் நிலையம் ஒரு பெயர், ரயில் நிறுத்தம் ஒரு பெயர், சுரங்கம் ஒரு பெயர்னு வரலாம். தபால் துறை இட அறிக்கைகள் தேசிய ஆவணக் காப்பகத்துல எம்1126 மைக்ரோஃபிலிம். போஸ்ட்மாஸ்டரே பக்கத்து ஓடைக்கு எத்தனை அடி, ரயில் பாதைக்கு எந்தப் பக்கம்னு எழுதி, பல சமயம் கோட்டுப்படமும் போட்டிருப்பார்.

தாய்ப்பத்திரம்:

கல்லும்கரியும் சொன்னதில் ஒரு திருத்தம் இல்லை, ஓர் எச்சரிக்கை. சென்சஸ் வரிசையை வைத்து மேப் போடும்போது கணக்கெடுப்பாளர் ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கியிருக்கலாம் என்பதை மறக்கவேண்டாம். அடுத்தடுத்த எண் எப்போதும் அடுத்த வீடு அல்ல. வீடு பூட்டியிருந்து திரும்பி வந்து எழுதிய குடும்பங்கள் அந்தப் பகுதிக்கான தாள்களின் கடைசியில், எண் வரிசைக்கு வெளியே இருக்கும்.

கல்லும்கரியும்:

சரிதான். அதனாலதான் மேப்போட சேர்த்துப் பார்க்கணும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தோட டோபோவியூ தளத்துல பழைய 1:62,500 தாள்கள், பிற்கால 1:24,000 தாள்கள் இரண்டும் இறக்கிக்கலாம். வீடுகள் சின்னக் கறுப்புக் கட்டங்களா இருக்கும், நேர்க்கோடா வரிசை பிடிச்சு நின்னா கேம்ப். மாநில நிலவியல் ஆய்வு 1915இல் வயோமிங், மெக்டவல் கவுண்டிகளுக்குப் போட்ட அறிக்கையில சுரங்க வாய்கள், கரி அடுக்கு, எந்தக் கம்பெனி எல்லாம் இருக்கு, மேப் தொகுதி தனி. மேப்பை விட்டுட்டு அறிக்கையை மட்டும் ஸ்கேன் பண்ணின பிரதிகளும் சுத்துது, பார்த்து எடுங்க.

அஞ்சாவது கேள்வி. பார்ட்லி நம்பர் 1, பாண்ட் கிரீக் போகஹான்டஸ் கம்பெனி, 1940 ஜனவரி 10, 91 பேர். இந்த வரிசையில போங்க.

முதல்ல இறப்புச் சான்றிதழ். மாநில அளவிலான பதிவு 1917இல் தொடங்கினது, ஸ்கேன்கள் மாநிலப் பண்பாட்டுத் துறை தளத்துல இலவசம். மெக்டவல், 1940ன்னு கொடுத்து ஜனவரி 10ஐ வடிகட்டுங்க. பெயர் வச்சுத் தேடாதீங்க, எழுத்துப்பிழைல பாதி பேர் தப்பிச்சுடுவாங்க. ஒவ்வொண்ணுலயும் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி பெயர், தகவல் கொடுத்தவர், அடக்கம் பண்ணின இடம் இருக்கும். அந்தக் கடைசிப் பத்தியை விடாதீங்க. உடலை எந்த ஊருக்கு அனுப்பினாங்களோ அதுதான் பல குடும்பங்களுக்குப் பூர்வீகம். தகவல் கொடுத்தவர் கம்பெனி குமாஸ்தாவா இருந்தா பெற்றோர் பெயரைச் சந்தேகத்தோட பாருங்க, மனைவியோ அண்ணனோ சொல்லியிருந்தா நம்பலாம்.

அப்புறம் 1940 சென்சஸ். அதோட கணக்கு நாள் ஏப்ரல் 1. இறந்து மூணு மாசம்கூட ஆகலை, அதனால ஒருத்தர் பெயரும் அதுல இருக்காது. தேட வேண்டியது விதவைகளை. திருமண நிலைப் பத்தியில விதவைக் குறி, வயசு இருபது முப்பது, கூட சின்னப் பிள்ளைங்க. கம்பெனி வீட்டுல இன்னும் இருக்காங்களா, மாமியார் வீட்டுக்குப் போயிட்டாங்களா, வேற கவுண்டிக்கே போயிட்டாங்களா? 1935 ஏப்ரல் 1இல் எங்கே இருந்தீங்கன்னு அதே தாள்ல ஒரு பத்தி இருக்கு. 2,500 பேருக்குக் குறைவான ஊர்னா ஊர்ப் பெயருக்குப் பதிலா "ஆர்" (R)னு போடணும்ங்கறது விதி, அதனால பதில் "ஆர்", கவுண்டி மெக்டவல்னு வந்து, இப்போ இருக்கறது வேற கவுண்டின்னா உங்க ஆள் கிடைச்சாச்சுன்னு நெருங்கிட்டீங்க. "ஸேம் பிளேஸ்"னா அதே ஊர், வேற வீடு. "ஸேம் ஹவுஸ்"னாத்தான் அதே வீடு. பெயர்ப் பக்கத்துல வட்டத்துக்குள்ள பெருக்கல் குறி இருந்தா கணக்கெடுப்பாளருக்குப் பதில் சொன்னது அவங்கதான்.

தனித்தனியா நடந்த விபத்துக்கு மாநிலச் சுரங்கத் துறை ஆண்டறிக்கை. 1883இல் முதல் ஆய்வாளர் பதவி வந்தது. பிற்கால அறிக்கைகள்ல இறந்தவர் பெயர், வயசு, தேசம், வேலை, காரணம் வரும். பெரும்பாலும் காரணம் "ஸ்லேட் விழுந்து". அங்கே கூரைப் பாறைக்கே ஸ்லேட்னுதான் பேர். 1910களோட அறிக்கை ஜூன் 30இல் முடியற வருஷத்துக்கானது, அதனால 1915 செப்டம்பர் சாவு 1916 அறிக்கையில இருக்கும். இதைத் தெரியாம "பதிவு பண்ணாம மறைச்சுட்டாங்க"ன்னு எழுதினவங்க உண்டு.

ஹாலோவாசி எழுதியது:

கல்லறைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நவம்பர் கடைசி முதல் மார்ச் வரை போங்கள், இலை உதிர்ந்தபின்தான் மேடு பள்ளம் தெரியும். தரையோடு படர்ந்த வின்கா கொடி, தனியாக நிற்கும் சீடர் மரம், யக்கா செடி இந்த மூன்றும் மேட்டின்மேல் கூடி இருந்தால் கல் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் கல்லறைதான். எழுத்தில்லாத தட்டைக் கற்களையும் எண்ணுங்கள். எழுத்து மங்கிய கல்லில் சவரக் கிரீம், சாக், பிளீச், கம்பி பிரஷ் எதுவும் படக்கூடாது, கல் அரித்துவிடும். ஒரு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படம் எடுத்தால் போதும்.

தனியார் நிலத்தில் உள்ள கல்லறைக்குப் போக மாநிலச் சட்டம் வாரிசுகளுக்கும் வம்சாவளி ஆய்வாளர்களுக்கும் உரிமை தருகிறது. ஆனால் நிலக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். வேட்டை சீசனில் ஆரஞ்சு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள். மூடிய சுரங்கவாய் எவ்வளவு ஆசை காட்டினாலும் உள்ளே தலை நீட்டவேண்டாம். ஆக்சிஜன் இல்லாத காற்றுக்கு வாசனை கிடையாது.

புகைப்படம் வேண்டுமானால் 1946இல் ரஸ்ஸல் லீ மத்திய அரசின் மருத்துவ ஆய்வுக்காக எடுத்தவை தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. கம்பெனி, சுரங்கம், கேம்ப், கவுண்டி வரை தலைப்பிலேயே எழுதியிருப்பார், உதாரணமாக கிங்ஸ்டன் போகஹான்டஸ் கம்பெனி, எக்ஸெடர் சுரங்கம், பிக் சாண்டி கேம்ப், வெல்ச். ஊர் பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் கம்பெனி பெயரில் தேடுங்கள்.

நேரில் போவதென்றால் வெல்சுக்கு முன்னால் ப்ளூஃபீல்டில் கிராஃப்ட் நினைவு நூலகத்தில் உள்ள ஈஸ்டர்ன் ரீஜனல் கோல் ஆர்கைவ்ஸுக்குப் போங்கள். கம்பெனிக் காகிதங்கள் அங்கே. கோர்ட் ஹவுஸுக்கு அதற்குப் பிறகு, புத்தக எண்ணும் பக்க எண்ணும் கையில் எழுதிக்கொண்டு.

கரிக்கோடு:

91 சான்றிதழில் இதுவரை 34 இறக்கியாயிற்று. அடக்கம் செய்த இடம் என்ற பத்தியில் பாதிக்குமேல் மெக்டவலுக்கு வெளியே. டாஸ்வெல்தான் அதிகம் வருகிறது. அப்படியானால் இவர்களைத் தேட டாஸ்வெல் வரிப்புத்தகத்தையும் 1900 வரை தொடர்ந்து படிக்க வேண்டுமா?

தாய்ப்பத்திரம்:

அவர்களின் அப்பாக்களைத் தேடத்தான் அது. 1900 சென்சஸில் பிறந்த மாதமும் வருஷமும் இருக்கும், டாஸ்வெல்லில் அதைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து வரிப்புத்தகத்துக்குள் பின்னோக்கிப் போங்கள். முன்னோக்கிப் படித்து வந்தால் பெயர் ஒன்றாக உள்ள ஆட்களில் சிக்கிக்கொள்வீர்கள்.